எலிப்பொறி வீடு

அந்தப் பெயரைச் சொல்லியிருக்கவே கூடாது என்று இளம் பொறியாளர் சித்ரலேகா நூறு தடவை தன்னையே நொந்துகொண்டாள். செங்கலைப் படுக்கப் போடாமல் நெட்டுக்குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுகிற சுவர் அது. வெளிச்செங்கல் எவ்வளவு சுட்டாலும் உள்செங்கலுக்கு அந்தச் சூடு லேசில் வந்து சேராது. அதற்குக் கொத்தனார்கள் சொல்லும் பெயர்தான் எலிப்பொறிக் கட்டு.

வீட்டுக்காரர் அம்பலவாணன், ஓய்வுபெற்ற தாசில்தார், பெயரை மட்டும் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, வீடு கட்டச் சொன்னா எலிப்பொறியா கட்டுதே? சுவருக்குள்ள எலி குடும்பம் நடத்துமே!"

எலி வரவில்லை. அவருக்கு நம்பிக்கையும் வரவில்லை. பால் காய்ப்பு வந்ததோ அக்னி நட்சத்திரத்தில். பாளையங்கோட்டை வெயிலில் சொந்தக்காரர்கள் முன்னால் மானம் போகக் கூடாதென்று இரண்டு ஏசி வாங்கி முன்னறையில் இறக்கிவிட்டார். ஏசி வருகிறதே என்று கூடத்தில் மின்விசிறிகூட மாட்டவில்லை.

சித்ரலேகாவுக்குச் சோறு இறங்கவில்லை. தனியாக எடுத்துச் செய்த முதல் வீடு இது. ஏசி மாட்டச் சுவரில் ஓட்டை விழுந்துவிட்டால், அந்தப் பிள்ளை கட்டின வீட்டுக்கும் ஏசி வேண்டியிருந்தது என்று ஊர் பேசும். அப்புறம் யார் வேலை தருவார்கள்?

காலை எட்டு மணிக்கு வருகிறேன் என்ற ஏசிக்காரன் ஜெய்சன் ஒரு மணிக்கு வந்தான். அதுவரை வாசலிலேயே நின்று போன் அடித்து அடித்து, அம்பலவாணன் ஒருவர்தான் வேர்வையில் குளித்திருந்தார். உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். சாப்பிட்டவர்கள் எல்லாரும் கூடத்துத் தரையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜெய்சன் சுவரில் துளைக்கருவியை வைத்து அழுத்தினான். மூச்சே இல்லை. "அண்ணாச்சி, கரண்டு இல்லையே."

"பதினோரு மணிக்கே போயிட்டு. ஏலக்காய அம்மியிலதான் தட்டுனேன்" என்றாள் அவர் மனைவி சொர்ணாம்பாள்.

பேச்சுச் சத்தத்தில் அவள் தம்பி சிவசைலம் கண்ணைத் திறந்தார். "அத்தான், நல்லா ஓடுத ஏசியில இவன் என்னத்தப் போயி நோண்டுதான்? சத்தமே இல்லாம என்னா குளிர்ச்சி! என்ன கம்பெனி?"

அம்பலவாணன் பிரிக்காத பெட்டிகளைப் பார்த்தார். சித்ரலேகாவைப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"எலிப்பொறி கம்பெனி மாப்ளே! ஏலே ஜெய்சா, மிஷினப் பைக்குள்ள வச்சிட்டு இலையில உக்காரு."

"ஆழ்வார்குறிச்சி வீட்டுக்கும் அதுலயே ரெண்டு சொல்லிவிடுங்க" என்றபடி சிவசைலம் புரண்டு படுத்தார்.

சித்ரலேகாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் பசி தெரிந்தது. ஜெய்சன் பக்கத்தில் போய் அவளும் ஓர் இலையைப் போட்டு உட்கார்ந்தாள்.