சோறூட்டும் குரல்

பவதாரிணி சோறு தின்ன வேண்டுமென்றால் அவள் அம்மா பேச வேண்டும். இரண்டரை வயதுக்கு இந்தப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம்தான். அம்மா சரண்யாதேவிக்கு பைபாஸ் ரோட்டில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. கஸ்டமரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு போனில் கொஞ்ச முடியுமா? அதனால் தினமும் பன்னிரண்டரைக்கு, "தங்கம், ஆ காட்டு" என்று வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடம் பேசி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மாயக்காளின் போனுக்கு அனுப்பிவிடுவாள். மாயக்காள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டபடி ஊட்டி முடிப்பாள்.

மாயக்காளுக்கு ஐம்பது வயதிருக்கும். உசிலம்பட்டிப் பக்கம் ஊர். வானம் பார்த்த பூமி கைவிட்டதில், ஒரு வருஷமாக விளாங்குடியில் சரண்யா வீட்டுக்கு வந்து போகிறாள். சம்பளம் ஒன்பதாயிரம். அந்தத் திங்கட்கிழமை காலை, சரண்யா செருப்பை மாட்டும் நேரம் பார்த்து, தயங்கித் தயங்கி இன்னும் இரண்டாயிரம் கூட்டிக் கேட்டாள்.

"அவருகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் மாயக்கா" என்று சரண்யா நழுவினாள்.

அவர் என்பது விக்ரம். ஓசூர் கம்பெனியில் வேலை, மாதம் இரண்டு தடவை வருவான், பால் பாக்கெட் விலைகூடத் தெரியாது. அவனைக் கேட்டு அந்த வீட்டில் ஒரு துரும்பும் அசைந்ததில்லை. முகத்துக்கு நேரே மறுக்க முடியாத சமயங்களில் மட்டும் அவன் குடும்பத் தலைவன் ஆகிவிடுவான்.

மதியம் சரண்யா அவசர அவசரமாக இரண்டு வாய்ஸ் அனுப்பினாள். ஒன்று பிள்ளைக்கு. இன்னொன்று விக்ரமுக்கு.

மூன்று மணிக்கு விக்ரமிடமிருந்து பதில் வந்தது. "என்னடி, எனக்கு ஆ காட்டச் சொல்ற?" கூடவே நாலு சிரிப்புப் பொம்மைகள்.

சரண்யா மாயக்காளுக்குப் போனதைத் திறந்து காதில் வைத்தாள். அவள் குரல்தான், நல்ல கணீரென்று பேசியது.

"இந்தம்மா ரெண்டாயிரம் கூடக் கேக்குதுங்க. பஸ்ஸு ஓசி, மதியச் சோறு ஓசி. ஃபேனுக்கு அடியில உக்காந்து பிள்ளையோட விளையாடுறதுக்கு எம்புட்டுதான் குடுக்குறது? இந்த வயசுல நம்மள விட்டா யாரு வேலை குடுப்பா?"

பக்கத்தில் நீல டிக் இருந்தது. போனில் அழிக்கலாம், கேட்டவள் காதிலிருந்து எப்படி அழிப்பது? மாயக்காள் கோபித்துக்கொண்டு போய்விட்டால் நாளைக்குப் பிள்ளையை யார் பார்ப்பது என்பதுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதே இன்னும் கேவலமாக இருந்தது. தலைவலி என்று பொய் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

வீட்டில் மாயக்காள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தூங்கியிருந்தது.

"மாயக்கா, அந்த வாய்ஸு..."

"கேட்டேன் தாயி." அவள் நிமிரவில்லை. "ஆறு வாட்டி போட்டேன். பருப்புச் சோறு பூராம் தின்னுருச்சு. அதுக்கு அர்த்தமா தெரியும்? அம்மா குரலு, அம்புட்டுத்தான்."

"மொதவாட்டியே நிறுத்தியிருக்கலாம்ல?"

"நிறுத்துனா வாய மூடிக்கிருதே."

சரண்யாவுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் கூசியது. ஆறு தடவை! ஒவ்வொரு வாய்க்கும் தான் பேசிய அந்தப் பேச்சைக் கேட்டபடி ஒருத்தி தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டியிருக்கிறாள்.

"ரெண்டாயிரம் இந்த மாசத்துல இருந்தே தாரேன் மாயக்கா. தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க."

"குடுங்க" என்றாள் மாயக்காள். வேண்டாமென்று பெருந்தன்மை காட்ட அவளுக்கு வசதியில்லை. "பஸ்ஸு ஓசிதான். இல்லைங்கல. ஆனா ஓசி டவுன் பஸ்ஸுல மட்டுந்தான், எங்கூருக்கு மொத டவுன் பஸ்ஸே ஆறரைக்குத்தான். எட்டரைக்கு வந்தப்போ அது தோதா இருந்துச்சு. நீங்க ஏழரைக்கு வரச் சொன்னதுல இருந்து ரூட்டு பஸ்ஸுல காசு குடுத்துத்தான் வாரேன். அதான் கேட்டேன், வேற ஒண்ணுமில்ல."

ஏழரைக்கு வரச் சொன்னது சரண்யாதான். புது மேனேஜருக்கு நல்ல பேர் எடுப்பதற்காக. நாலு மாதமாகிறது. எப்படி வருகிறீர்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நாலு மாத பஸ் காசையும் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். இப்போது போய் அதைச் சொன்னால் காசை விட்டெறிவது போல இருக்குமோ என்று அதை விழுங்கிவிட்டு, மடித்த துணிகளை எடுத்து அடுக்கினாள்.

ஐந்து மணிக்கு மாயக்காள் பையை எடுத்தாள். "நாளைக்கு ஏழரைக்கு வந்துருவேன் தாயி" என்று அவளாகவே சொன்னாள்.

அதற்குள் பவதாரிணி தூங்கி எழுந்து வாசலுக்கு ஓடி வந்தாள். தினமும் "ஆயா டாட்டா" என்பவள், இன்று கற்ற புதுச் சொல்லோடு கையை ஆட்டினாள்.

"ஓசி டாட்டா! ஓசி டாட்டா!"

சரண்யா பிள்ளையின் வாயைப் பொத்தினாள். அது வீறிட்டு அழுதது.

கேட்டைத் தாண்டிய மாயக்காள் திரும்பி வந்து, அந்தக் கையை விலக்கினாள்.

"பிள்ளைய ஏன் தாயி பொத்துறீக?" என்றாள்.