முழங்கால் நீர்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குச் செல்லும் நெடுவழி, இருமருங்கும் கருவேலங்காட்டைத் துணைகொண்டு ஓடி, இடையில் தெற்கே பரளச்சிப் பக்கமாக ஒரு கிளையைப் பிரித்துவிட்டுத் தன் போக்கில் போய்விடுகிறது. அக்கிளைவழியே பங்குனித் திங்களின் பிற்பகலொன்றில் வந்து நிற்பவர் கண்ணில் முதலில் படுவது பச்சை அன்று, சிவப்பு. களத்திலும் பாறையிலும் பாதையோரத்திலும் பரப்பிக் காயவிட்ட மிளகாய், நிலத்தின் மேல்தோலை யாரோ உரித்தெடுத்துவிட்டாற்போல் கிடந்து கனல, அதன்மேல் நடந்துவரும் காற்று மூக்கை அறுத்துக் கண்ணைக் கசக்கி, துயரமே இல்லாதவரையும் அழவைத்துவிடும். கரிசல் வாய்பிளந்து கிடக்கும், பனைகள் அசையா, ஆடுகள் தம் நிழலையே மேய்வனபோல் தலைகவிழ்ந்து நிற்கும். செங்கரைப்பட்டி என்னும் சிற்றூர் அவ்வெயிலின் நடுவே இருக்கிறது.

ஊருக்கு மேற்கே கண்மாய். கண்மாய்க் கரையில் அன்னை கரைகாத்தாள். கூரையின்றி, மதிலின்றி, வேம்பின் அடியில் இடுப்பளவுக் கல்லாய் நின்று, ஊர் வாங்கிய வெயிலையும் மழையையும் தானும் வாங்கிக்கொண்டிருந்தவள் அவள். நூல் பயின்ற அன்பரே, இப்போது அவளைச் சுற்றி ஆளுயரத்துக்கு எழுந்து, வெள்ளையடித்து நிற்கும் அந்தப் புதுமதிலைச் சற்றே உற்றுப் பாரும். அதற்கு ஈடாக ஊர் எதைக் கொடுத்தது என்பதை அறிந்தால் உமக்கும் சினம் வரும், வரவேண்டும்.

சென்ற ஆண்டு, சாலையை அகலமாக்க மண் வேண்டுமென்று வந்தவர்களைக் கண்மாய்க்குள் அழைத்துச் சென்றவர் ஊர்ப்பெரியவர் வீரபத்திரன். கண்மாயின் நடுவில் மட்டுமே அள்ளுவோம் என்றார்கள், ஊரும் நம்பியது. ஊரார் அனைவரும் அருப்புக்கோட்டைப் பங்குனிப் பொங்கலுக்குப் போயிருந்த நாட்களில், மண்வாரி எந்திரங்கள் கரையோரம் நெருங்கி, ஆடுமாடுகள் நீருக்கு இறங்கும் ஒற்றைப்பனைத் துறையின் அடிவயிற்றை அகழ்ந்துகொண்டு போயின. குழிக்குள் உதிரி வண்டலைத் தள்ளி மேலே நிரவியிருந்ததால் அது குழியென்று எவர்க்கும் தோன்றவில்லை. வீரபத்திரன் அறிவார், அறிந்தும் வாய் திறக்கவில்லை. மண்ணுக்கு நன்றியாக அவர்கள் கரைகாத்தாளுக்கு மதில் எழுப்பித் தந்தார்கள். மதிலுக்கு வெள்ளையடித்த நாளில் குலவையிட்ட பெண்களுள் ஓங்கி ஒலித்தது தங்கமாரியின் குரல்.

ஐப்பசியில் மழை வந்தது. கண்மாய் பெருகியது. உதிரி வண்டல் கரைந்து அமிழ, குழியின் மேல் நின்ற நீரும் மற்ற நீரைப் போலவே வானத்தை ஏந்திக்கொண்டு ஒன்றுமறியாததுபோல் கிடந்தது. கார்த்திகையில் ஒருநாள், தங்கமாரியின் ஒரே மகள் சத்யபிரியா, பள்ளி விட்டு வந்தவள், ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகையில் வாசலில் நின்று கேட்டாள்.

"எங்கன இறங்கம்மா?"

"ஒத்தப்பனைக்கு நேரா இறங்கு. முழங்காத் தண்ணிதான்."

தங்கமாரி சொன்னது பொய் அன்று. அவளும் அவளுக்கு முன்னிருந்தவர்களும் தலைமுறை தலைமுறையாகக் காலாலேயே அளந்து வைத்திருந்த அளவு அது. அந்த அளவை ஒரு கோடை தின்றுவிட்டது என்பதை அவளுக்குச் சொல்ல, அறிந்த ஒருவருக்கு நாவெழவில்லை. பொழுது சாய்ந்தபோது ஆடுகள் மட்டும் திரும்பி வந்தன.

துயர் கேட்க வந்தவர்கள் பலர். வந்தவர்கள் விதி என்றார்கள். கொடுத்துவைத்தது அவ்வளவுதான் என்றார்கள். பந்தலின் கீழ் வந்து அமர்ந்த வீரபத்திரன், துண்டை வாயில் வைத்துச் சற்று விம்மிவிட்டு, "கரைகாத்தா கூப்பிட்டுக்கிட்டா மருமகளே. அவ கூப்பிட்டா நம்ம என்ன செய்ய முடியும்?" என்றார். அச்சொல் தங்கமாரியின் நெஞ்சில் சிராய்போல் ஏறி நின்றது. அன்று முதல் அவளால் கைகூப்ப இயலவில்லை. செவ்வாய்தோறும் தவறாது விளக்கேற்றியவள், விளக்கைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். அருப்புக்கோட்டையில் சுமைவண்டி ஓட்டும் அவள் கணவன் பாண்டீஸ்வரன், "இங்கன இருந்தா நீ செத்துருவ தங்கம். டவுனுக்குப் போயிருவோம்" என்று கெஞ்சினான். அவள் ஊரைவிட்டு நகரவில்லை. அழவும் இல்லை.

பங்குனி பிறந்தது. கண்மாய் வறண்டு, குழி தன் உருவத்தை முழுதும் காட்டிக்கொண்டு, பிளந்த வாயாய்க் கிடந்தது. ஊர் அதைப் பார்த்தது. பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டது. மூட வேண்டுமென்று ஒருவரும் சொல்லவில்லை. இன்னும் கொடிது, மண்வாரி எந்திரம் ஒன்று மீண்டும் கரையேறி வந்து நின்றது. களத்தில் மிளகாய் கிளறிக்கொண்டிருந்த தங்கமாரி அதைக் கண்டாள். அடுத்த மழைக்கு இந்தத் துறையில் இறங்கப்போவது யார் பிள்ளை? மகளோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்த அனுசியாவின் முகம் அவள் கண்முன் வந்தது. மடிநிறைய மிளகாயை அள்ளிக்கொண்டு அவள் கரைகாத்தாளிடம் நடந்தாள்.

அவ்வூரில் ஒரு முறைமை உண்டு. தீங்கிழைக்கப்பட்டவர் தம் நிலத்து மிளகாயைக் கோயில் அம்மியில் அரைத்து, அன்னையின் கல்மேனியில் பூசி, தீங்கிழைத்தவர் பெயரை மும்முறை உரக்கச் சொல்லவேண்டும். வழக்குத் தீரும்வரை அன்னை எரிந்துகொண்டே இருப்பாள். அரைத்த கையன்றி வேறு கை அவளைக் கழுவலாகாது.

அன்று செவ்வாய். வைகாசித் திருவிழாவைப் பற்றிப் பேச ஊர் கூடியிருந்தது. தங்கமாரி அம்மியின் முன் அமர்ந்ததும் பேச்சு நின்றது. வீரபத்திரன் முகம் வெளிறியது. அவள் அரைத்தாள், கண்ணீர் வழிந்தது, ஆயின் அது மிளகாயின் கண்ணீர். விழுதை இரு கையாலும் அள்ளி, கல்லின் நெற்றிமுதல் அடிவரை பூசினாள்.

"பேரச் சொல்லுத்தா" என்றார் பூசாரி மாரிச்சாமி.

"கரைகாத்தா."

"ஆத்தாவக் கும்பிட்டுக்கிட்ட, சரி. ஆளு பேரச் சொல்லு."

"அதத்தான் சொல்றேன். கரைகாத்தா. கரைகாத்தா. கரைகாத்தா."

பூசாரி கையிலிருந்த மணி நழுவியது. "சாமி மேலயே பிராது கொடுத்தா நான் யாருகிட்டத்தா சொல்றது!" என்று அவர் தவிக்க, கூட்டத்தில் ஒருவன் சிரித்தும்விட்டான். எவரையும் பொருட்படுத்தாது, கல்லுக்கு நேரெதிரே நின்று தங்கமாரி பேசினாள்.

"ஏட்டி, என் பிள்ளய நீதான் கூப்பிட்டுக்கிட்டயாமே. இவுக சொல்றாக. கூப்பிடுறவ வாசல்ல வந்து கூப்பிட வேண்டியதுதான? குழிக்குள்ள நின்னா கூப்பிடுவ? ஒத்தப்பனை ஒன் கண்ணுக்கு நேராத்தான நிக்கிது? இல்ல, சுவரு மறச்சிருச்சோ? என் பிள்ளயத் தின்ன மண்ணுக்குச் சுவரு வாங்கிக்கிட்டு உள்ள ஒக்காந்துட்டயோ? எரியுதா? எரியட்டும். எனக்குக் கார்த்தியலேருந்து எரியுது."

"பிள்ள போனதுல புத்தி பெரண்டுருச்சு" என்று வீரபத்திரன் மெல்லச் சொல்லி, தம் பெயர் வராத மகிழ்ச்சியில் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் வைகறையிலும் அவள் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். மலர் இல்லை, விளக்கு இல்லை, சூடம் இல்லை, வசவு மட்டும். மகள் பிறந்தபோது பட்ட பாட்டைச் சொல்லி வைதாள்; அவள் தலையை வாரி முடித்த கைகளை நீட்டிக் காட்டி வைதாள்; வாசலில் நின்று அவள் கேட்டதையும் தான் சொன்னதையும் சொல்லி, தன்னையும் சேர்த்து வைதாள். இதை வழிபாடென்று கூற நும் நா கூசலாம், அன்பரே. ஆயின் எண்ணிப் பாரும். மாந்தரிடம் அவள் இச்சொற்களைச் சொல்ல முயன்றபோதெல்லாம் ஒருத்திக்கு அடுப்பில் பால் நினைவுக்கு வந்தது; ஒருவன் செருப்பைத் தேடினான். கேட்டு முடிக்கும்வரை எழுந்து போகாமல் நின்றது அந்தக் கல் ஒன்றே. மிளகாய் காய்ந்து வெடித்து, முகமெல்லாம் புண்பட்டவள்போல் நின்ற அன்னை, அவள் எறிந்த ஒவ்வொரு சொல்லையும் வாங்கிக்கொண்டாள். ஒன்றையும் விதியென்று திருப்பித் தரவில்லை.

ஒரு வைகறையில், வசவின் நடுவே, "ஆத்தா" என்னும் சொல் அவள் வாயிலிருந்து தானே விழுந்தது. அவள் திடுக்கிட்டாள். பின், கார்த்திகைக்குப் பிறகு முதன்முறையாக அவள் கைகள் குவிந்தன. சினம் தணிந்து குவிந்தவை அல்ல. சினத்தையே இரு கைக்கும் நடுவில் பொத்திப் பிடித்துக் குவிந்தவை. "நீ கல்லு. ஒனக்கு நடக்க முடியாது. நான் நடக்கேன். நீ கூடமட்டும் நில்லு" என்றாள். விடையொன்றும் வரவில்லை. ஆயினும் திரும்பி நடந்தவளின் முதுகு நிமிர்ந்திருந்ததைக் கரையில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த அவள் மதினி முருகேஸ்வரி, அனுசியாவின் தாய், கண்டாள். மறுநாள் முதல் அவளும் உடன் வந்து நின்றாள்.

வைகாசி நெருங்கியது. காப்புக் கட்டவேண்டும், அதற்கு முன் அன்னை குளிக்கவேண்டும். வீரபத்திரன் பூசாரியிடம் ஒரு குடம் நீரோடு வந்தார்.

"ஊத்தும்யா."

"அரைச்ச கை கழுவணும் அண்ணாச்சி. நான் தொட மாட்டேன். நீங்க வேணும்னா ஊத்துங்க, நான் குறுக்க நிக்கல."

வீரபத்திரன் குடத்தைத் தூக்கினார். கல்லின் சிவந்த முகத்தைப் பார்த்தார். குடம் இடுப்புக்கு மேலே ஏறவில்லை. நீர் தளும்பித் தம் காலிலேயே கொட்ட, கீழே வைத்துவிட்டு அவர் தங்கமாரியின் வீட்டுக்கு நடந்தார். அங்கே பெண்கள் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தனர்.

"மருமகளே, ஆத்தாவக் குளிப்பாட்டி விட்டுரு. திருவிழா நின்னா ஊருக்கு ஆகாது."

"ஒத்தப்பனைக் குழிய மூடுங்க மாமா. குளிப்பாட்டுறேன்."

"அது என்ன அடுப்புக் குழியா? மூட எத்தன லோடு மண்ணு வேணும் தெரியுமா?"

"எத்தன லோடு போச்சுன்னு ஒங்களுக்குத்தான தெரியும்."

முருகேஸ்வரி வெடித்துச் சிரித்தாள். வீரபத்திரனுக்குச் சினம் ஏறியது. "போன மண்ணுக்கு நான் எங்க போக?"

"மொதல்ல அந்தச் சுவர இடிச்சுப் போடுங்க."

"சாமி சுவரயா? ஆத்தா கேப்பா தாயி!"

"கேக்கட்டும். தெனமும் அவகிட்டத்தான் பேசிக்கிட்டிருக்கேன். வேண்டாம்னு ஒருவாட்டிகூடச் சொல்லல." தங்கமாரி எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை. "துறைய அள்ளுனது ஒங்களுக்குத் தெரியும் மாமா. ஒரு வார்த்த, 'அங்கன பிள்ளைகள எறக்காதீக'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் பிள்ள இந்நேரம் இங்கன ஒக்காந்து காம்பு கிள்ளிக்கிட்டிருக்கும். ஆத்தா கூப்பிட்டான்னு சொன்னீக. அவளக் கேட்டுட்டேன். அவ கூப்பிடல."

வீரபத்திரன் துண்டை எடுத்தார். இம்முறை அதை வாயில் வைக்க அவருக்குத் துணிவு வரவில்லை. முருகேஸ்வரி மடியிலிருந்த காம்புகளை உதறினாள். "எங்க வீட்டுப் பொங்கப்பான வராது. குழி மூடுற வரைக்கும் வராது" என்றாள். எங்கள் வீட்டதும் வராது என்றாள் அடுத்தவள். சொல் வாசல் வாசலாகப் போயிற்று.

மதிலில் முதல் கடப்பாரை விழுந்தது முருகேஸ்வரியின் கையால். பாண்டீஸ்வரன் தன் வண்டியைக் கொண்டுவந்தான். மகளைத் தூக்கிவந்த தோளில் அம்மதிலின் கற்களைச் சுமந்து ஏற்றினான். கற்கள் குழியின் அடியில் விழுந்தபோது எழுந்த ஓசையை ஊர் தலைகுனிந்து கேட்டது. அள்ளிக் குவித்து ஏற்றாமல் விட்டிருந்த மண்மேடுகளெல்லாம் கரையிலிருந்து இறங்கின. தோண்ட வந்த எந்திரமே, ஓட்டுநரைப் பெண்கள் சூழ்ந்துகொண்ட பின், நாணியதுபோல் திரும்பித் தள்ளித் துறையை நிரவியது. வீரபத்திரன் குடையின் கீழ் நின்று பார்த்தார். அவரிடம் ஒருவரும் பேசவில்லை.

அதன்பின் தங்கமாரி அன்னையைக் குளிப்பாட்டினாள். மோரும் இளநீரும் ஊற்றி, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவ, சிவப்பு கரைந்து அவள் மணிக்கட்டு வழியே இறங்கி அவள் கையையும் எரித்தது. பொறுத்தேன் என்றும் அவள் சொல்லவில்லை. பொறுத்துக்கொள் என்றும் கேட்கவில்லை. துடைத்து முடித்து, கவிழ்த்து வைத்திருந்த விளக்கைக் கொணர்ந்து ஏற்றினாள். மதிலில்லாத வெளியில் அச்சுடர் காற்றுக்கு நடுங்கி, அணைவதுபோல் சாய்ந்து, பின் நின்றது.

அவ்வாண்டும் ஐப்பசியில் மழை வந்தது. கண்மாய் பெருகி அடங்கிய ஒரு மாலையில், ஆடுகளோடு கரையில் நின்ற அனுசியா, நீரைப் பார்த்தும் இறங்காமல் நின்றாள். "எங்கன இறங்க அத்த?"

தங்கமாரி சேலையைச் செருகிக்கொண்டு, ஒற்றைப்பனைக்கு நேராகத் தானே நீரில் கால் வைத்தாள். கணுக்கால் நனைந்தது. கெண்டைக்கால் நனைந்தது. ஒவ்வோர் அடியாக, மகள் நடந்த வழியெல்லாம் நடந்து, மகள் நடக்க இயலாதுபோன இடத்தையும் தாண்டி நடந்தாள். நீர் முழங்காலைத் தொட்டு, அங்கேயே நின்றது. அங்கே அவள் அழுதாள். மிளகாயின் கண்ணீர் அன்று, அவளுடைய கண்ணீர். போன உயிரை எந்த வழிபாடும் மீட்டதில்லை. அதை அவள் அறிவாள்; கரையில், மதிலற்ற வெளியில், ஈரக் கல்லாய் நின்று அவளையே நோக்கிக்கொண்டிருந்தவளும் அறிவாள். முகத்தைக் கண்மாய் நீராலேயே கழுவிக்கொண்டு, தங்கமாரி கரைப்பக்கம் திரும்பினாள்.

"ஒத்தப்பனைக்கு நேரா இறங்குத்தா," என்றாள், குரல் நடுங்காமல். "முழங்காத் தண்ணிதான்."