தோண்டிப் பார்க்காத மூலை

அப்பாவுக்கு வெட்டிய குழிக்குள் இறங்கி, மகள் பேனாக்கத்தியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மேலே நின்ற சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஏம்மா, உள்ள என்ன பண்ற? நாலு மணிக்கு எடுக்கணும்.”

“மண்ணு பாக்குறேன் சித்தப்பா.”

“இன்னைக்குமா?”

நியாயமான கேள்விதான். ஆனால் பதினெட்டு வருஷமாக அப்பாவும் அவளும் சேர்ந்து செய்தது இது ஒன்றைத்தான். ஊருக்கு வெளியே யாராவது வீடு கட்டப் போனால், செப்டிக் டேங்க் தண்ணீரை அந்த நிலம் குடிக்குமா, கக்குமா என்று குழி தோண்டிப் பார்த்துச் சொல்வது. என்ன வேலை என்று யாராவது கேட்டால், ‘நிலத்தடி நீர்’ என்பதோடு நிறுத்திக்கொள்ள அவள் பழகியிருந்தாள். அப்பா நிறுத்தமாட்டார். எதிரே இருப்பவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் முழுசாக விளக்குவார்.

நாலடியில் சுவரின் நிறம் மாறியது. பழுப்புக்குள் சாம்பல் திட்டுகள், ஓரங்களில் துருக் கீற்று. மழைக்காலத்தில் தண்ணீர் அதுவரை ஏறி நிற்கும் என்று அர்த்தம். இப்போது காய்ந்து கிடப்பதெல்லாம் நடிப்பு. இதே திட்டுகளைக் காட்டி எத்தனை நிலங்களை அப்பா ஆகாது என்றிருக்கிறார். ஒரு நிலத்துக்காரர் மண்வெட்டியோடு துரத்தியபோதுகூட, “நாலடிதாங்க, நாலடிதான்” என்று சொல்லிக்கொண்டே ஓடியவர்.

அப்படிப்பட்ட மனுஷன் போன மாதம் படுக்கையிலிருந்து, “என்னைய நம்ம நிலத்துல அந்த மூலையில வெச்சிருங்க” என்றார். சோதித்துத்தான் சொல்கிறார் என்று அவள் எதுவும் கேட்கவில்லை. அவர் போய்விட்டார், நேற்றுக் காலையில். இனி யாரைக் கேட்பது?

“தண்ணி வருமாம்மா?” என்றார் குழி வெட்டுகிறவர்.

“மழை வந்தா வரும். அஞ்சடியில வெச்சா அப்பா தண்ணிக்குள்ளதான் கெடப்பாரு.”

“அண்ணனுக்கு நீச்சலும் தெரியாதே,” என்றார் சித்தப்பா, நிஜமான கவலையோடு.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

அம்மா சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியவற்றையே மறுபடியும்.

“அம்மா, அந்த மூலைய அப்பா எப்பத் தோண்டிப் பாத்தாரு?”

“எங்க பாத்தாரு. நான்தான் அங்க வேணும்னு கேட்டேன்.” அம்மா முகவாயால் ஜன்னலைக் காட்டினாள். நிலத்தின் மூலையும் சித்தப்பாவின் வழுக்கையும் தெளிவாகத் தெரிந்தன. “இங்க நின்னா தெரியணும்னேன். ‘தோண்டுனா வேணாம்னு சொல்ல வேண்டி வரும், விடு’ன்னுட்டாரு.”

மகள் ஜன்னல் வழியே அந்த மூலையைப் பார்த்தாள். தோண்டாமல் அப்பா சரி என்று சொன்ன ஒரே நிலம்.

“ஏன், ஆகாதா?” குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா அதை மூடவில்லை.

மேட்டுப்பக்கம் நல்ல மண் இருந்தது. அங்கே வைத்தால் எந்த ஜன்னலிலிருந்தும் தெரியாது.

“ஆகும்மா. கொஞ்சம் ஒசத்தணும், அவ்வளவுதான்.”

தண்ணீர் ஏறும் நிலத்தில் வீட்டுக்காரர் ரொம்பக் கெஞ்சினால் அப்பா சொல்லும் வழிதான் அது. ஆழத்தைக் குறை, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து மேடு கட்டு.

“ரெண்டடிக்கு மண்ணத் திரும்பப் போடுங்க,” என்றாள் குழிக்கருகே வந்து. “மேல ரெண்டு வண்டி மண்ணு அடிச்சுக்கலாம்.”

“ஆழம் கொறஞ்சா நாலு பேரு என்ன பேசுவாங்க?” என்றார் சித்தப்பா.

“உங்க அண்ணன் நல்ல ஒசரத்துல இருக்காருன்னு பேசுவாங்க.”

நாலு மணிக்கு எடுத்தார்கள். ஐந்தரைக்கு எல்லோரும் கலைந்தார்கள். குழி வெட்டுகிறவர் மட்டும் கடைசிக் கூடைகளைக் கொட்டி, மேட்டை மண்வெட்டியின் முதுகால் தட்டிச் சரிசெய்தார்.

“ஒசரம் போதுமாம்மா?”

அவள் வீட்டுப்பக்கம் திரும்பினாள். ஜன்னலுக்குள் அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஈரக் கையை நீட்டி, உள்ளங்கையை மெல்ல மேலே தூக்கிக் காட்டினாள்.

“இன்னும் நாலு கூடை போடுங்க,” என்றாள் மகள்.