இறங்காத பந்து

வெண்டல் நோவோட்னி உதைத்த பந்து இருபத்திரண்டு வருடம் கீழே இறங்கவில்லை. ஸ்டோக்கர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு அந்தப் பருவத்தில் அது கடைசி ஆட்டம், கடைசி உதை. மைதானக் கோடியில் கவட்டைபோல் நிற்கும் மஞ்சள் கம்பத்தின் இரண்டு கைகளுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, வெற்றி, ஒரு தலைமுறையே பார்த்திராத அடுத்த சுற்று. வெளியே போனால் வழக்கம்போல் வீடு. பந்து எழும்பிப் போய், கம்பத்துக்குச் சற்று முன்னால், பனி பெய்துகொண்டிருந்த வானத்தில் நின்றது. ஏரிக்காற்று பந்தைப் பிடித்துவைப்பது உண்டு என்பதால் முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேல் இருக்கைகளில் இருந்தவர்களுக்கு அது உள்ளே போய்விட்ட மாதிரியே தெரிந்தது. ஜெயித்தால் கம்பத்தைப் பிடுங்குவது அந்த ஊர் வழக்கம். ஜனங்கள் தடுப்புச்சுவரைத் தாண்டிக் குதித்து, கம்பத்தைச் சாய்த்து, தோளில் ஏற்றிப் பாட்டுப் பாடிக்கொண்டே ஸ்டான் குபியாக்கின் மதுக்கடைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சுவரில் துளைபோட்டுக் கூரைக்கடியில் மாட்டியும் விட்டார்கள். திரும்பிப் பார்த்தபோது பந்து மேலேயேதான் இருந்தது, கடந்துபோக ஒரு கம்பம் இல்லாமல்.

நடுவர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்கள். பந்து தரையைத் தொடாதவரை ஆட்டம் முடியாது, ஆட்டம் முடியாதவரை பருவம் முடியாது. நிர்வாகம் புதுக் கம்பம் ஒன்றை நட்டுப் பார்த்தது. அது அந்த ஆட்டத்துக் கம்பம் இல்லை என்று நடுவர்கள் சொன்னார்கள். பந்துக்கும் அதே அபிப்பிராயம் இருந்திருக்க வேண்டும், அசையவில்லை. பழைய கம்பத்தைக் கேட்டு ஆள் வந்தபோது ஸ்டான், "ஜெயிச்ச கம்பத்த எவனாவது திருப்பிக் குடுப்பானா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். ஊரும் அவர் பக்கமே நின்றது. பந்து மேலே இருக்கும்வரை யாரும் தோற்கவில்லை.

மற்ற அணிகள் அடுத்தடுத்த பருவங்களுக்குப் போய்விட்டன. ஸ்டோக்கர்ஸ் மட்டும் அங்கேயே நின்றது. ஜூலை மாதத்தில் ஊர் முழுக்கப் புல்வெட்டும் சத்தம் கேட்கும், மைதானத்துக்குள் மட்டும் பனி பெய்யும். ஒவ்வொரு ஜனவரியிலும் மேலாளர் வானொலியில் அந்தப் பருவத்தை அலசுவார். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் முதுகைக் காக்க இடது ஓரத்துக்கு இளம் ஆள் வேண்டும், பின்வரிசையில் ஓடக்கூடிய கால்கள் வேண்டும் என்பார். பருவம் முடியாததால் யாரையும் எடுக்க முடியாது, யாரையும் விடவும் முடியாது. அதே ஆட்டக்காரர்கள் ஞாயிறுதோறும் சீருடையில் வந்து கோட்டோரம் நின்றார்கள். குவார்ட்டர்பேக்குக்கு மூக்குக்கண்ணாடி வந்தது. பின்வரிசைக்காரர்கள் இருவருக்குக் காதுக்கருவியின் மேல் தலைக்கவசம் ஏறவில்லை.

பந்து எங்கே போகும் என்பது உதைப்பவனின் பாதத்துக்குத்தான் முதலில் தெரியும். கண்ணுக்குத் தெரிவது அதற்கு அப்புறம்தான். வெண்டலுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஸ்டான் கடையில் ஏரிமீன் வறுவல், வெண்டல் நுழைந்தால் வரிசை தானாக விலகும். "நம்ம ஆளு வந்துட்டாரு, நகருங்கடா" என்று ஸ்டான் தட்டை நீட்டுவார். "என்ன வெண்டல், இந்த வாரமாவது எறக்குவியா?" என்று யாராவது சீண்டுவார்கள். "எறங்கும்போது எறங்கும்" என்பார் வெண்டல். அந்தக் கம்பத்துக்குக் கீழே உட்கார்ந்து, அண்ணாந்து பார்க்காமல் தின்றுவிட்டுப் போவார். ஊரில் அவரைப் போல மரியாதையாக வாழ்ந்தவர் இல்லை, அவரைப் போல மோசமாகத் தூங்கியவரும் இல்லை.

இடது ஓரத்து ஆள் ஆர்லோ பெட்டிஸ். முழங்கால் இரண்டும் அந்தப் பருவத்திலேயே தேய்ந்துபோயிருந்தன. பருவம் முடிந்ததும் தெற்கே மனைவி ஜெனீவாவின் ஊரான ஜார்ஜியாவுக்குப் போய் வெயிலில் உட்கார வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே திட்டம். ஒவ்வொரு ஜனவரியிலும் தன் இடத்துக்கு ஆள் வேண்டும் என்று வானொலி சொல்வதைக் கேட்டு, சரிதான் என்று தலையாட்டுவார். இருபத்திரண்டாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். வியாழக்கிழமை அடக்கம் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோட்டோரத்தில் தன் இடத்தில் வந்து நின்றார். பருவம் முடியவில்லை அல்லவா. தோளில் விழுந்த பனி மட்டும் கரையவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெனீவா கறுப்பு உடுப்போடு ஸ்டான் கடைக்கு வந்து வெண்டலுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஆர்லோ வந்து நின்னாரே, பாத்தியா?"

"பாத்தேன்."

"செத்தும் அந்த மனுசனுக்கு லீவு இல்ல. உன் காலுக்குத் தெரிஞ்சிருக்கும் வெண்டல். உள்ளயா, வெளியயா?"

"உள்ளதான். அதுல என்னம்மா சந்தேகம்?" என்றார் ஸ்டான்.

"உன்னக் கேக்கல. நீ மீனப் பொரி."

வெண்டல் முள்கரண்டியைத் தட்டில் வைத்தார்.

"வெளிய. இடது பக்கம், ஒரு கை தூரம்."

மூலையில் ஒருவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஸ்டான் கரண்டியை வைத்துவிட்டு வெண்டல் பக்கம் திரும்பினார்.

"இத்தன வருசமா என் மீனத் தின்னிருக்க."

"உப்பு கம்மி."

"அதயாவது மொதல்லயே சொல்லித் தொலச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஸ்டான் ஏணி எடுக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய கம்பத்தைப் பழைய குழியில் நட்டார்கள். இரண்டடி இடது பக்கம் தள்ளி நடலாமே என்று ஒருவர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். ஜெனீவா அவரைத் திரும்பிப் பார்த்தாள், அவர் பேச்சை விட்டுவிட்டார். மண் இறுகியதும் பந்து கிளம்பியது. அவசரமில்லாமல் வந்து, கம்பத்தின் இடது கைக்கு வெளியே ஒரு கை தூரத்தில் கடந்து, பனியில் சத்தமின்றி விழுந்தது. கிழட்டு நடுவர் புள்ளி இல்லை என்று இரண்டு கைகளையும் குறுக்கே வீசினார். பனி நின்றது. ஆர்லோ தலைக்கவசத்தைக் கழற்றி பெஞ்சில் வைத்தார், மணிக்கட்டுக் கட்டுகளைப் பிரித்து ஜெனீவாவின் கையில் கொடுத்தார், ஆட்டக்காரர்கள் போகும் சுரங்கவழியில் நொண்டாமல் நடந்து போனார்.

"பாத்துப் போங்க" என்றாள் அவள்.

மறுநாள் ஆட்டக்காரர்கள் எல்லோரும் உடைமாற்றும் அறையில் தங்கள் பெட்டகங்களைக் காலி செய்து கறுப்புக் குப்பைப் பைகளில் கட்டிக்கொண்டு போனார்கள். வெண்டலின் பையில் ஒரு ஜோடி காலணிதான் இருந்தது. வெள்ளிக்கிழமை அவர் கடைக்குப் போனபோது யாரும் விலகவில்லை. வரிசையின் கடைசியில் நின்றார். வானொலியில் மேலாளர் பருவத்தை அலசிக்கொண்டிருந்தார். எட்டு வெற்றி, எட்டுத் தோல்வி. தேவைப்படும் ஆட்கள் என்று வரிசையாகச் சொன்னார்: இடது ஓரத்துக்கு ஒருவர், குவார்ட்டர்பேக் ஒருவர், பின்வரிசை முழுவதும். சொல்லிக்கொண்டே வந்து, பந்தை உதைக்கவும் ஒரு ஆள் வேண்டும் என்றார். சரிதான் என்று தலையாட்டிவிட்டு வெண்டல் தட்டை நீட்டினார். ஸ்டான் மீனை வைத்து, உப்பை ஒரு கை கூடவே தூவினார்.