ஓரகத்தியின் எஸ்கி

நோலீனின் வயிறு எரியத் தொடங்கிய வாரம்தான் ஆஸ்திரேலியாவின் வயாலாவில் ஆட்டிறைச்சி விலையும் ஏறியது. ஊர் இரண்டையும் ஒரே மூச்சில் பேசியது. மருத்துவரின் தெர்மாமீட்டர் அவள் மேல் வைத்ததும் வெடித்துவிட்டதால், கணவன் டாரல் வீட்டில் பியர் காய்ச்ச அவள் வைத்திருந்த தெர்மாமீட்டரை எடுத்து வயிற்றில் வைத்துப் பார்த்தான். அறுபத்தாறு டிகிரி. "மால்ட் ஊறப் போடுற சூடு கரெக்டா இருக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணன் வீட்டுக்குக் குடிக்கப் போனான்.

எரிச்சலுக்குக் காரணமே அந்த வீடுதான். வேலிக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி கிளெனிஸ், எஸ்கி என்று ஊரே சொல்லும் ஐஸ் பெட்டியில் வெந்நீர் ஊற்றி, பியருக்கான முளைகட்டிய பார்லி மால்ட்டைக் கொட்டி மூடிவிட்டுத் துணி காயப்போடப் போவாள். சூடு உள்ளேயே நிற்கும். ஊர்க் கண்காட்சியில் வருடா வருடம் பியருக்கான முதல் பரிசு, நீல ரிப்பன், அவளுக்கு. டாரலின் சாயங்காலங்களும் அவளுக்கு.

நோலீன் முதலில் குப்பைக்கென்று விற்ற பிளாஸ்டிக் தொட்டியில் ஊறல் போட்டாள். கொதிநீர் பட்டதும் அது நிறைமாதக்காரி போல வயிறு தள்ளியது. "தோட்டத்துக் குழாய நக்குன மாதிரி இருக்கு" என்று துப்பினான் டாரல். அடுத்து துத்தநாகம் பூசிய வாளி. ஊறலின் புளிப்பில் பூச்சு கரைந்து, குடித்தவர்கள் வாந்தியெடுத்தார்கள்.

"ஒரு எஸ்கி வாங்கித் தொலையேன்டி. மீன் வைக்கிற பெட்டி, அதுல என்ன கௌரவம்?" என்றாள் கிளெனிஸ்.

"உன்னைப் பாத்து வாங்குனேன்னு நீ ஊரெல்லாம் சொல்றதுக்கா?"

எவர்சில்வர் பானை வாங்கினாள். அது எதையும் கக்கவில்லை. சூட்டைத்தான் பிடித்து வைக்கவில்லை. அடுப்பில் வைத்தால் அடிப்பிடித்தது. ஆகவே பானையை மடியில் இருத்தி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு கொல்லைப்படியில் உட்கார்ந்தாள். வேலிக்கு அப்பால் கணவன் சிரிக்கச் சிரிக்க, தெர்மாமீட்டர் முள் அறுபத்தாறை விட்டு அசையவில்லை.

அந்த வருடம் நீல ரிப்பன் நோலீனுக்கு. "இத விட்டுட்டா அங்க போய்க் குடிச்சேன்?" என்று டாரல் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் வயிறு குளிர்ந்தது. அதுதான் வினையாகிப்போனது. அடுத்த ஊறல் பாதியில் ஆறி, பியர் கழுநீராக வந்தது. டாரல் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு மறுபடி வேலியைத் தாண்டினான். ஆனால் இந்தமுறை நோலீனுக்கு எரியவில்லை, களைப்புதான் வந்தது. குளிர்ந்த பானையை மடியில் வைத்து அழுதாள். ரிப்பன் வாங்கித் தந்த பானை அது. ஒன்றுக்கும் ஆகாமல் கிடந்தது.

கிளெனிஸ் வேலியோரம் வந்து நின்றாள். தினமும் டாரலுக்கு இறைச்சி சுட்டுப் போட்டு அவளுக்கு அலுத்திருந்தது. கொஞ்ச நேரம் பானையையே பார்த்தாள். பிறகு, "என் கையால சுட்டா ரெண்டு தட்டு உள்ள போகுதாம் உன் புருஷனுக்கு. உன் சமையலு ஆஸ்பத்திரி சாப்பாடாம்" என்றாள்.

பானையிலிருந்து ஆவி எழுந்தது.

இப்போதெல்லாம் நோலீன் ஊறல் போடும் நாளில் கிளெனிஸ் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு வேலிக்கு வந்துவிடுகிறாள். தெருவில் போகிறவர்கள் யாரும் நின்று பார்ப்பதில்லை. நோலீன் பானையை அணைத்தபடி முள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள்:

"இன்னும் கொஞ்சம் சொல்லுடி. ரெண்டு டிகிரி குறையுது."