ஒன்பதாம் பக்கத்து ஆடு

ஜேபஸ் பெனிஃபோல்ட் மலையைப் பார்த்தது கிடையாது. ஹைகேட் மேட்டில் ஒருமுறை ஏறப் போய், பாதியிலேயே மூச்சு வாங்கி, முள்ளங்கி வண்டியில் மல்லாந்து படுத்துக்கொண்டு தன் பேட்டையான கிளார்க்கன்வெல்லுக்குத் திரும்பி வந்த மனிதர் அவர். ஆனால் அவரே எழுதி, செப்புத் தகட்டில் அவரே பொறித்து, அவரே அச்சடித்த புத்தகத்தின் பெயர் ‘நித்திய சிகரத்தின் ஏழு புலம்பல்கள்’. பக்கத்துக்குப் பக்கம் மலைதான். பாட்டைச் சுற்றி மலை, பாட்டுக்கு அடியில் மலை, இடம் மிச்சமிருந்தால் இரண்டு வரிக்கு நடுவே ஒரு குட்டிக் குன்று. அத்தனையும் அடுக்களை அலமாரியிலிருந்த, கூம்பாக வார்த்த சர்க்கரைக் கட்டியைப் பார்த்து வரைந்தவை என்பது அவர் மனைவி டார்கஸுக்கு மட்டும் தெரியும். கேட்டால் தரிசனம் என்பார்.

அச்சில் வருவது வெறும் கோடுதான். ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணம் தீட்ட வேண்டும். அது டார்கஸின் வேலை. காலையில் அடுப்படி வேலை முடிந்ததும் ஜன்னலோர மேஜையில் கிண்ணங்களைப் பரப்பி, தூரிகையை எச்சில் தொட்டுக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்தாளானால் இரண்டு மணி நேரம் அவளை யாரும் எதற்கும் கூப்பிடக் கூடாது. மலைக்கு ஊதா கொடுப்பதா, வானத்துக்கு ரோஜா நிறம் கொடுப்பதா என்பதெல்லாம் அன்றைக்கு அவள் மனசு எப்படி இருக்கிறதோ அப்படி. அந்த இரண்டு மணி நேரம்தான் அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து.

மாடியில் ஜேபஸ் கவிதை எழுதுவார். எழுதுவார் என்றா சொன்னேன்? குதிப்பார். ஒரு நல்ல வரி கிடைத்துவிட்டால் போதும், “ஆகா!” என்று கத்திக்கொண்டு தரையை உதைப்பார். கீழே அடுக்களைக் கூரையிலிருந்து தூசி கொட்டும். அவளுக்குப் பழகிவிட்டது.

ஒரு நாள் ஒரு பிரதியைத் தைத்து முடித்து, ஒன்பதாம் பக்கத்தில் அடிவாரப் பாறைகளுக்குக் கொஞ்சம் பழுப்பு வைத்துக்கொண்டிருந்தாள். புத்தகம் கேட்டவரின் வேலைக்காரன் மத்தியானம் வந்து வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. மேலே ஜேபஸுக்கு எந்தப் பாழாய்ப்போன வரி கிடைத்ததோ, இரண்டு காலாலும் குதித்தார். டார்கஸின் கை துள்ளியது. பழுப்புச் சொட்டு ஒன்று பறந்து போய், வெள்ளை வெளேரென்று விட்டிருந்த சிகரத்தின் நட்ட நடு உச்சியில் விழுந்தது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒற்றி எடுத்தால் கறை பரவும். பக்கத்தைக் கிழித்தால் தையல் பிரியும். சொட்டையே முறைத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அது சொட்டாகத் தெரியவில்லை. டார்கஸின் அப்பா இஸ்லிங்டனில் ஆட்டுப்பால் வியாபாரம் செய்தவர். பத்தொன்பது வயதுவரை ஆடுகளோடு வளர்ந்தவள் அவள். நாலு கால் இழுத்தாள். இரண்டு கொம்பு. தாடைக்குக் கீழே ஒரு தாடி. முகவாய்க்கட்டையை லேசாகத் தூக்கி வைத்தாள். ஆடு வானத்தைப் பார்த்தபடி எதையோ மென்றுகொண்டு நின்றது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டாள்.

ஒரு வாரம் கதவு தட்டும்போதெல்லாம் அந்த வேலைக்காரன்தான் புத்தகத்தோடு திரும்பி வந்துவிட்டானோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். பிறகு மறந்துவிட்டாள்.

மூன்றாம் வாரம் புத்தகம் வாங்கிய கிராப்ட்ரீ நேரில் வந்து இறங்கினார். ஹாக்னியில் சோப்புக் காய்ச்சிப் பணக்காரரானவர். லாவெண்டர் வாசனை முதலில் வரும், கொழுப்பு வாசனை பின்னால் வரும், அப்புறம்தான் அவர் வருவார்.

“யோவ் பெனிஃபோல்ட்! உம்ம புஸ்தகத்தை ஏழு தடவை படிச்சேன்யா. ஒரு எழவும் புரியலை.”

“எளிதாப் புரியறது கவிதை இல்லீங்களே, ஐயா” என்றார் ஜேபஸ், பெருமையாக.

“அட இருமய்யா. எட்டாவது தடவை ஒன்பதாம் பக்கத்துல அந்த ஆட்டைப் பார்த்தேன். எல்லாம் புரிஞ்சு போச்சு! கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.”

“எந்த ஆடு?”

கிராப்ட்ரீ பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். ஜேபஸின் முகத்தில் ஈயாடவில்லை. டார்கஸ் அடுப்பைக் கிளறுகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

“எனக்கு ஆறு பொண்ணு, ஆறு மாப்பிள்ளை. ஆளுக்கு ஒரு புஸ்தகம் குடுக்கப் போறேன். ஆறுலயும் இந்த ஆடு இருக்கணும். ஆமா, இது எப்படிய்யா உமக்குத் தோணிச்சு?”

உண்மையைச் சொல்ல நல்ல சமயம். நம் கவிஞர் என்ன செய்தார் தெரியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு, தாடியைத் தடவியபடி உத்தரத்தைப் பார்த்தார்.

“தரிசனம்” என்றார்.

கிராப்ட்ரீ போனதும் ஜேபஸ் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். “ஆடா? என் நித்திய சிகரத்துல ஆடா? மனுஷ ஆன்மா தனியா நின்னு புலம்பற இடம்டி அது! அங்க நின்னு அது என்னத்தை மேயுது?”

“நீங்க குதிச்சீங்க. சொட்டு விழுந்துச்சு. நான் என்ன பண்றது?”

“கறையைக் கறையாவே விட்டிருக்கலாமே!”

“அசிங்கமா இருந்துச்சுங்க.”

அந்தப் பதில்தான் அவரைச் சுட்டிருக்க வேண்டும். மேஜையிலிருந்த தூரிகையை எடுத்துக் கோட்டின் உள்பைக்குள் போட்டுக்கொண்டார். “இனிமே நீ வண்ணத்தைத் தொட வேண்டாம். எல்லாத்தையும் நானே பார்த்துக்கறேன். அந்த ஆட்டையும் நானே போட்டுக்கறேன்.”

டார்கஸ் வண்ணக் கிண்ணங்களை எடுத்துப் போய் மாடிப்படியில் வைத்தாள். மறுநாள் காலையில் வேலை முடிந்ததும் பழக்கதோஷத்தில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். மேஜை காலியாக இருந்தது. கையை மடியில் வைத்துப் பார்த்தாள், மேஜைமேல் வைத்துப் பார்த்தாள். கடைசியில் சுத்தமாக இருந்த பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மேலே ஜேபஸ் ஆடு போட்டார். ஐயோ, அந்த ஆடுகள்! மனிதருக்குத் தீர்க்கதரிசிகளையும் தேவதூதர்களையும் வரைந்து வரைந்து கை அப்படியே வளைந்துவிட்டது. முதல் ஆட்டுக்குப் புஜம் புடைத்துக்கொண்டிருந்தது. இரண்டாவது ஆடு இரண்டு கையையும் விரித்து அழுதது. ஆட்டுக்கு ஏது கை என்று நான் கேட்க மாட்டேன், நீங்களும் கேட்காதீர்கள். மூன்றாவதற்கு இறக்கை முளைத்திருந்தது. மற்ற மூன்றுக்கும் பிஷப்பின் முகம். கீழேயிருந்து டார்கஸ், “சூப் ஆறுதுங்க!” என்று மூன்று தடவை கூப்பிட்டாள். வழக்கம்போல் நாலாவது தடவைக்குப் பிறகுதான் இறங்கி வந்தார், ஏடு படிந்து போன பட்டாணி சூப்பை என்ன குடிக்கிறோம் என்றே தெரியாமல் குடித்துவிட்டு மேலே போனார்.

சனிக்கிழமை கிராப்ட்ரீ வந்தார். ஆறு பக்கத்தையும் மேஜையில் வரிசையாக வைத்தார் ஜேபஸ்.

“இது யாரு?” என்றார் கிராப்ட்ரீ.

“ஆடுங்க.”

“ஆடா? எனக்குக் கல்யாணம் பண்ணி வச்ச பிஷப் மாதிரியில்ல இருக்கு! இதைக் குடுத்தா என் மாப்பிள்ளைங்க ராத்திரி தூங்குவானுங்களா? ஏன்யா, உம்ம பழைய ஆடு எங்கய்யா?”

“தரிசனம் தினமும் ஒரே மாதிரி வராதுங்க...”

“அதெல்லாம் தெரியாது. அந்த ஆட்டைப் போட்ட கைதானே இது? இங்கேயே உக்காரும். என் கண்ணு முன்னால ஒண்ணு போடும். வந்தா ஆறு புஸ்தகம், வரலேன்னா ஒண்ணும் வேண்டாம்.” நாற்காலியை இழுத்துப் போட்டுச் சட்டமாக உட்கார்ந்துவிட்டார்.

ஜேபஸ் உள்பையிலிருந்து தூரிகையை எடுத்தார். அதில் ரொட்டித் துணுக்கு ஒட்டியிருந்தது. பழுப்பைத் தொட்டார். புதுத்தாளின் வெள்ளைச் சிகரத்துக்கு மேலே கை நின்றது, நின்றுகொண்டே இருந்தது. நெற்றியில் வேர்த்துக் கொட்டியது.

டார்கஸ் அடுப்புப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்தாலே போதும், மனிதர் மானம் கப்பலேறிவிடும். நன்றாக வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் தூரிகையிலிருந்த பழுப்பு காய்ந்தும் அவர் கை இறங்காததைப் பார்த்ததும் நினைப்பு இளகிவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் ஜேபஸ் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

“ஐயா, நான் சொன்னது பொய்ங்க.” “தரிசனமும் இல்லை, மண்ணும் இல்லை. அந்த ஆடு என்னுதில்லை. இவளுது. என் சம்சாரம் டார்கஸ் போட்டது. அதுக்காக இவ தூரிகையைப் பிடுங்கி வச்சுக்கிட்டேன்.” பிறகு அவள் பக்கம் திரும்பினார். “வாம்மா. வந்து போடு.”

இதற்கு முன்னால் அவர் அவளை ‘வாம்மா’ என்று கூப்பிட்டதில்லை. டார்கஸ் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ரொட்டித் துணுக்கை நகத்தால் எடுத்தாள், தூரிகையை எச்சில் தொட்டுக் கூராக்கினாள். ஒரு சொட்டு, நாலு கால், இரண்டு கொம்பு, தாடி, தூக்கிய முகவாய். அவ்வளவுதான், ஒரு குவளை பீர் ஊற்றுகிற நேரம்கூட ஆகவில்லை.

“இதாய்யா ஆடு!” என்று துள்ளி எழுந்தார் கிராப்ட்ரீ. உடனே புருவத்தைச் சுருக்கினார். ஆட்டைப் பார்த்தார். ஜேபஸைப் பார்த்தார். மறுபடி ஆட்டைப் பார்த்தார். ஜேபஸ் சங்கடத்தில் முகவாயைத் தூக்கி, தாடியைத் தடவிக்கொண்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடக் கடவுளே!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் கிராப்ட்ரீ. “அம்மணி, இது நம்ம பெனிஃபோல்ட்டேதான்!”

டார்கஸுக்கு முகம் சிவந்துவிட்டது. “வேணும்னு பண்ணலைங்க. கை தானா அப்படிப் போகுது.”

“அது ஏன் தனியா உச்சியில போய் நிக்குது?”

“அது அப்படித்தாங்க. கீழேயிருந்து எத்தனை தடவை கூப்பிட்டாலும் இறங்காது. சூப் ஆறிக் கல்லாப் போனாலும் இறங்காது.”

கிராப்ட்ரீ மறுபடி சிரித்தார். ஜேபஸ் சிரிக்கவில்லை. ஒன்பதாம் பக்கத்தைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

திங்கள் முதல் தூரிகை பழையபடி ஜன்னலோர மேஜைக்கு வந்துவிட்டது. நாளுக்கு ஒன்றாக ஐந்து பிரதிகளை முடித்தாள் டார்கஸ், ஐந்திலும் ஆடு. ஆறாவது பிரதியின் தாள்களை மேஜையில் பரப்பி வைத்துவிட்டு வெங்காயம் வாங்கச் சந்தைக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் ஒன்பதாம் பக்கத்தில் ஈரம் காயவில்லை. யாரோ கை வைத்திருந்தார்கள்.

சிகரம் காலியாக இருந்தது. அடிவாரத்தில் ஒரு ஆடு. பிஷப் முகம், புடைத்த புஜம், எண்ணிப் பார்த்தால் ஐந்து கால். உச்சியிலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கியதாகக் காட்ட மலை முழுக்கப் பழுப்புத் தடம். ஆட்டுக்கு எதிரே அடுப்பும், ஏப்ரன் கட்டிய ஒரு பெண்ணும். ஆட்டின் முகம் சூப்புக் கிண்ணத்துக்குள் இருந்தது.

டார்கஸ் வெங்காயக் கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அழுது தீர்த்தாள். பிறகு அந்தப் பக்கத்தைப் பத்திரமாக எடுத்து அலமாரியில் அந்தச் சர்க்கரைக் கூம்புக்குப் பின்னால் வைத்தாள். ஆறாவது மாப்பிள்ளைக்கு வேறு தாள் அச்சடித்துக்கொள்ளலாம். இது விற்பனைக்கு இல்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு, அடுப்பில் சட்டியை வைத்தாள். மாடிப்படி அடியில் போய் நின்றாள். நாலு தடவை கூப்பிட வேண்டியிருக்கும், இப்போதே ஆரம்பித்தால்தான் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டு, “ஏங்க, சூப்!” என்று ஒரு குரல் கொடுத்தாள்.

அவள் வாயை மூடுவதற்குள் தடதடவென்று படி இறங்கி வந்து மேஜை முன்னால் உட்கார்ந்துவிட்டார் ஜேபஸ், கையில் கரண்டியோடு.

பட்டாணி இன்னும் வேகவே இல்லை.