ஒன்பதாவது கேள்வி

காலை ஒன்பது இருபதுக்கு வேன் வந்து நின்றது. பத்தரைக்கு வருவதாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

தையல்காரி மெஷினை விட்டு எழுந்தாள். அவள் கணவன் எட்டு மணிக்கே குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போயிருந்தான். கையில் அவள் எழுதிக் கொடுத்த கடிதம். அலுவலகம் பத்து மணிக்குத்தான் திறக்கும். கடிதம் பெரிய அதிகாரியிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் வேன் வராது என்று இருவரும் நம்பியிருந்தார்கள்.

வேன் சத்தம் கேட்டதும் சிறுமி கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்தாள். ஏழு வயது. இது அவளுக்கு நாலாவது வீடு. எதை முதலில் வைப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பெற்றவளால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளை. அந்தத் தாய் தேறி வரும்வரை வளர்ப்பதாகத் தையல்காரியும் கணவனும் கையெழுத்துப் போட்டு அழைத்து வந்தார்கள். எட்டு மாதம் ஆகிறது. முதல் மூன்று மாதமும் சிறுமி தலையணைக்கடியில் ரொட்டியை ஒளித்து வைத்தாள். தொட்டால் கடித்தாள். படுக்கை தினமும் நனைந்தது. நாலாவது மாதம் ஒரு சாயங்காலம், ஒளித்து வைத்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து, தையல்காரியின் எலக்ட்ரீஷியன் கணவனிடம் நீட்டினாள்.

"இந்தா கரண்டு மாமா, சாப்பிடு. ஊரு வீட்டுக்கெல்லாம் லைட்டு போடுற, நம்ம பாத்ரூம் பல்பு மட்டும் எரியவே மாட்டேங்குது."

நம்ம என்றாள். அந்தக் காய்ந்த ரொட்டியை மென்று முடிக்க அவனுக்கு வெகு நேரம் ஆனது.

போன மாதம் பெற்றவள் பார்க்க வருவதாகச் சொல்லி, மூன்றாம் முறையும் வரவில்லை. அன்று சிறுமி கத்தரிக்கோலை எடுத்து, தைத்து மடித்து வைத்திருந்த நாலு சட்டைகளின் கைகளை வெட்டிப் போட்டாள். "நீயும் என்னை அனுப்பிருவ. எனக்குத் தெரியும்" என்று கத்தினாள். இரண்டு வாரம் அதே கூத்து. தையல்காரிக்குத் தூக்கம் போனது.

மாதக் கடைசியில் அலுவலகத்துக்கு அனுப்பும் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி: சிரமம் ஏதும் உண்டா? ஏழு மாதமாக 'இல்லை' என்றே எழுதி வந்தாள்.

"இந்தத் தடவையும் இல்லைன்னு போட்டுத் தொலையேன்" என்றான் கணவன்.

"உண்மையச் சொன்னாத்தானேங்க உதவி கிடைக்கும்?"

எழுதினாள். 'ஆம். சில நாட்களில் என்னால் முடியவில்லை. வாரம் ஒரு முறை யாராவது வந்து குழந்தையோடு பேசினால் போதும்.'

பேச யாரும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பராமரிப்பாளர் இயலாமை தெரிவித்திருப்பதால் குழந்தை விடுதிக்கு மாற்றப்படுகிறது.

வேனிலிருந்து இறங்கிய பெண் அலுவலர் உட்காரவில்லை. நின்றபடியே காகிதத்தை நீட்டினாள்.

"இதுல ஒரு கையெழுத்து போடுங்க. இன்னும் ரெண்டு வீட்டுக்குப் போகணும்."

"அவர் அங்கதான் போயிருக்காரு. ஒரு மணி நேரம் பொறுங்களேன்."

"ஆர்டர் நேத்தே போட்டாச்சும்மா. நீங்கதானே முடியலன்னு எழுதியிருக்கீங்க?"

"அதுக்கு அடுத்த வரியப் படிச்சீங்களா?"

அலுவலர் கோப்பைப் புரட்டினாள். படித்தாள். முகம் மாறியது. "எங்கிட்ட அறுபது புள்ளைங்க இருக்கும்மா" என்றாள் மெதுவாக.

கைப்பேசி அடித்தது. கணவன். "இன்னும் கதவே தொறக்கல. நான்தான் முதல் ஆளா நிக்கறேன். நீ பயப்படாத."

"வேன் வந்துருச்சுங்க."

மறுமுனையில் அவன் பூட்டிய கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

அவள் கையெழுத்துப் போட்டாள். போடாவிட்டாலும் கூட்டிப்போவார்கள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்:

"எந்த வீட்டுலயும் பெத்தவ ஒரு நாளைக்கு நாலு தடவ முடியலங்கறா. அவகிட்ட இருந்து புள்ளையத் தூக்கிட்டா போறீங்க? அடுத்தவங்க புள்ளைய வளக்குறவ வாய்விட்டு முடியலன்னு சொன்னா, கூட நிக்க ஒரு ஆள அனுப்பணும். வேன அனுப்பக் கூடாது. இனிமே அந்த ஒன்பதாவது கேள்விக்கு எவ உண்மைய எழுதுவா?"

அலுவலர் காகிதத்தை மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

சிறுமி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அழவில்லை. பை ஒரு பக்கம் தோளை இழுத்தது. தையல்காரியையும் அலுவலரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இனிமே ஒழுங்கா இருக்கேன்னு நான் யார்கிட்ட சொல்லணும்?"